குழிக் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்கு: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார மண்வேலையின் வரலாறு

மண்வேலைக்குப் பணம் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. வெட்டிய மண்ணை அளந்து கொடுப்பது ஒன்று, வெட்டுவதற்கு ஆன நேரத்தை அளந்து கொடுப்பது மற்றொன்று. திருவள்ளூர் வட்டாரத்தில் முதல் வழி பல தலைமுறைகள் நிலைத்திருந்தது. இரண்டாவது வழி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குள் வந்து வேரூன்றிவிட்டது. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பூங்காவில் ஒரு மனையைச் சீர்செய்யச் சிறிய ஹிட்டாச்சி வண்டியைக் கூப்பிடுபவர் மணிக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார். எத்தனை கன அடி மண் வெளியே வந்தது என்று பெரும்பாலும் யாரும் டேப் பிடித்துப் பார்ப்பதில்லை. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதே இந்த வட்டாரத்து மண்வேலையின் வரலாறு.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் பாயும் தாழ்ந்த சமவெளி இது. மேற்கே பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் சரளையும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலம். செங்குன்றம் என்ற பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்கிறது. கிழக்கே பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் நெல் விளைந்த களிமண். பழவேற்காட்டை நெருங்க நெருங்க மணலும் உவரும். இடையே நூற்றுக்கணக்கான ஏரிகள். மழைக்காலத்தில் இந்தக் களிமண் காலைப் பிடித்து இழுக்கும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். கடப்பாரையானாலும் இயந்திரமானாலும் இங்கே வேலையின் வேகத்தை மண்தான் தீர்மானிக்கிறது.

ஏரி வெட்டுவதும் கரை உயர்த்துவதும் தொண்டை மண்டலத்தின் பழைய வேலை. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. தூர் வாருவதும் கரை காப்பதும் ஊர்ப்பொறுப்பு என்ற வழக்கம் பின்னாளில் குடிமராமத்து என்று அழைக்கப்பட்டது. ஆங்கிலேய அரசு 1858இல் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வழக்கத்துக்குச் சட்டத்தின் கைப்பிடியைக் கொடுத்தது. ஊரார் செய்தது சிறு பராமரிப்பு. புதிதாகக் குளம் வெட்ட, கிணறு தோண்ட, பெரிய கரை போட, தொழில் அறிந்த குழுக்கள் வந்தன. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பு, கிணறு வெட்டுவதையும் ஏரிக்கரை கட்டுவதையும் சாலை போடுவதையும் ஒட்டர்களின் தொழிலாகச் சொல்கிறது. இன்று போயர் என்ற பெயரால் அறியப்படும் இந்த மக்கள் வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போய், அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சும்மாட்டில் சுமந்து கரையில் கொட்டுவார்கள். தமிழகத்தின் பெரும்பாலான ஏரிக்கரைகள் இந்தத் தலைச்சுமையால் எழுந்தவை. கல்வெட்டுகளில் பெயர் இல்லாத இந்தப் பெண்களையும் ஆண்களையும் விட்டுவிட்டு மண்வேலையின் கதையைச் சொல்ல முடியாது.

அவர்களுக்குக் கூலி அளந்து கொடுக்கப்பட்டது. அந்த அளவை ஏமாற்ற முடியாதபடி ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. குழி வெட்டும்போது நடுநடுவே சிறு திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவிடுவார்கள். திட்டின் தலையில் பழைய தரையின் புல் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் மேஸ்திரி நீளம், அகலம் பிடித்து, அந்தத் திட்டின் உயரத்தைக் கோலால் அளந்தால் எத்தனை கன அடி வெட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். புல் முளைத்த தலைதான் சாட்சி. அதன் மேல் மண்ணை ஏற்றி உயரத்தைக் கூட்டினால் புல்லே காட்டிக்கொடுக்கும். கணக்கு முடிந்து கூலி கைக்கு வந்த பிறகே திட்டுகளை வெட்டி எடுப்பார்கள். 100 கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கு இன்றும் மண், மணல், ஜல்லி வியாபாரத்தில் இருக்கிறது. சாதாரண மண்ணில், பக்கத்திலேயே கொட்டுகிற வேலையாக இருந்தால், உழைப்புக்குப் பழகிய ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டுவது ஏறக்குறைய ஒரு யூனிட்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கைகளின் மீது பெரிய வேலைகள் வரிசையாக வந்து விழுந்தன. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு உப்புநீர்க் கால்வாய் வெட்டப்பட்டது. அதில் முதலீடு செய்த பேசில் காக்ரேனின் பெயரில் காக்ரேன் கால்வாய் என்று வழங்கிய அது பின்னர் பழவேற்காட்டுக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் திறந்த தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திருவள்ளூர் வழியே போயிற்று. தண்ணீர் தேங்கும் வயல்களுக்கு நடுவே தண்டவாளத்தை உயர்த்திப் போட மண் கொட்டியாக வேண்டும். பாதையின் இருபுறமும் மண் எடுத்த பள்ளங்கள் நீளமான குட்டைகளாக மிஞ்சின. 1866இல் பொறியாளர் வில்லியம் ஃப்ரேசர் வகுத்த குடிநீர்த் திட்டப்படி தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றை மறித்து, சோழவரம் வழியாகச் செங்குன்றம் ஏரிக்கு நீரைத் திருப்பினார்கள்.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பசித்த மக்களை மண்வேலைக்கு அனுப்பித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877–78இல் அப்படி வெட்டப்பட்டதே. வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியாகப் போகும் பழைய கால்வாயும் தெற்கே போகும் கால்வாயும் அதனால் ஒன்றாகி, அப்போதைய ஆளுநரின் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. 1877இல் இந்திய அரசின் பஞ்சத் தூதராக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, ஓர் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும். நாள் முழுவதும் மண் சுமக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்னதே சரி. வெட்டும் மண்ணைக் கன அடியில் கணக்கிட்ட அரசு, வெட்டுபவன் உண்ணும் சோற்றையும் அதே கறாரோடு குறைத்துக் கணக்கிட்டதன் விலை பல உயிர்கள்.

கைவேலைக் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது பூண்டி நீர்த்தேக்கம். சென்னையின் தாகத்தைத் தீர்க்க மேயர் சத்தியமூர்த்தி முன்னின்று போராடிப் பெற்ற திட்டம் அது. 1940இல் தொடங்கிய வேலை உலகப் போரின் நெருக்கடிக்கு நடுவே 1944இல் முடிந்தது. 1943இல் மறைந்த அவர் அது நிறைந்ததைப் பார்க்கவில்லை. நீர்த்தேக்கம் இன்று சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

போர் முடிந்ததும் இயந்திரம் வந்தது. 1947இல் இந்திய அரசு அமைத்த மத்திய டிராக்டர் அமைப்பு, அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு தரிசு நிலங்களை உழுதது. தமிழகத்தில் அரசின் வேளாண் பொறியியல் பிரிவு விவசாயிகளுக்குப் புல்டோசரை மணிக்கு வாடகைக்குக் கொடுத்தது. மேட்டு நிலத்தைச் சமப்படுத்தவும் வரப்பு போடவும் அதைக் கூப்பிட்டார்கள். குழியை அளக்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் பணம் கட்டும் வழக்கத்தைக் கிராமத்து விவசாயிக்குப் பழக்கியதில் இந்தப் புல்டோசருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தச் சேவை இன்றும் இருக்கிறது. அண்மை ஆண்டுகளின் அரசு அறிவிப்புகளில் புல்டோசருக்கு மணிக்கு 1,230 ரூபாய், டயர் வைத்த மண் அள்ளும் இயந்திரத்துக்கு 890 ரூபாய், சங்கிலித் தடம் உள்ளதற்கு 1,910 ரூபாய் என்று கட்டணம் காணப்பட்டது. இ-வாடகை என்ற செயலியில் விவசாயி தானே பதிவு செய்துகொள்ளலாம். வெளிச் சந்தையில் வாடகை இதைவிட அதிகமாக இருப்பதால் சிறு விவசாயிக்கு இது பேருதவி.

இயந்திரத்தை வாடகைக்கு எடுத்த வட்டாரம், கொஞ்ச காலத்தில் அதைச் செய்யும் வட்டாரமாகவும் ஆயிற்று. அம்பாசிடர் கார் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1971 வாக்கில் திருவள்ளூரில் மண்வாரும் இயந்திர ஆலையை நிறுவியது. ஜெனரல் மோட்டார்ஸின் டெரெக்ஸ் பிரிவு அதற்குத் தொழில்நுட்பம் தந்தது. சுரங்கத்துக்கும் அணைக்கட்டுக்கும் போகும் கனரக டம்பர்கள் அங்கே உருவாயின. 1980களில் கேட்டர்பில்லரோடு உறவு ஏற்பட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி அந்தப் பிரிவையே கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. மேல்நல்லாத்தூர்ப் பக்கம் போகிறவர்கள் மஞ்சள் வண்ண வண்டிகளை வரிசையாகக் காணலாம்.

ஆனால் சிறு வேலைக்கு டம்பரும் புல்டோசரும் உதவாது. அந்த இடத்தை நிரப்பியது ஹைட்ராலிக் கை. பழைய வெட்டும் இயந்திரங்கள் இரும்புக் கயிற்றாலும் சுழல் உருளையாலும் இயங்கின. கயிற்றால் இழுக்கத்தான் முடியும், அழுத்தித் தள்ள முடியாது. எண்ணெயை அழுத்திக் குழாய் வழியே அனுப்பினால் கை நீளவும் மடங்கவும் குத்தவும் முடியும், இயந்திரமும் சிறியதாகலாம். பிரான்சில் ஜார்ஜ் பத்தாய் நிறுவிய பொக்லைன் நிறுவனம் 1951இல் இத்தகைய இயந்திரத்தைச் செய்தது. 1960களின் தொடக்கத்தில் முழு வட்டமாகச் சுழலும் வண்டியைக் கொண்டுவந்தது. பொக்லைன் வண்டிகளை இந்தியாவில் உரிமம் பெற்றுத் தயாரித்தது லார்சன் அண்டு டூப்ரோ. அதனால்தான் இன்றும் தமிழ் நாளிதழ்கள் எந்த நிறுவனத்து வண்டியையும் பொக்லைன் என்று எழுதுகின்றன. இங்கிலாந்தின் ஜேசிபி 1953இல் முன்னால் வாளியும் பின்னால் வெட்டும் கையும் உள்ள பேக்ஹோ லோடரை அறிமுகப்படுத்தியது. 1979இல் எஸ்கார்ட்ஸோடு சேர்ந்து அரியானாவின் பல்லப்கரில் உற்பத்தியைத் தொடங்கியது. டயர் வண்டி எதுவானாலும் ஜேசிபி என்று மக்கள் சொல்லத் தொடங்கினார்கள். சங்கிலித் தட வண்டிக்கு, டாடாவோடு இணைந்து வந்த ஜப்பான் நிறுவனத்தின் பெயரால் ஹிட்டாச்சி என்று பெயர் நிலைத்தது. மூன்று நாட்டு நிறுவனங்களின் பெயர்கள் தமிழில் மூன்று பொதுப்பெயர்களாகிவிட்டன. களத்தில் நிற்பவர்கள் எல்லாவற்றையும் வண்டி என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுவார்கள்.

வண்டிகளுக்கு வேலை கொடுத்தவை தொழிற்பேட்டைகள். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1971இல் சிப்காட் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பூங்கா உருவானது. கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் பக்கத்தில், ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் அங்கே குவிந்தன. தங்க நாற்கரச் சாலைக்காக நெடுஞ்சாலை அகலமானபோது இன்னும் பல வண்டிகள் வந்து இறங்கின. 2009க்குப் பிறகு தேர்வாய்க் கண்டிகையில் 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் புதிய தொழிற்பூங்கா அமைத்தபோது, அது தங்கள் மேய்ச்சல் நிலமும் காடும் என்று கிராம மக்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், போராடினார்கள். மிஷெலின் டயர் ஆலை அங்கேதான் எழுந்தது. மனை சீர்செய்தல் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியில் அடங்கும் வேலைக்கு முன்னால் ஓர் ஊரின் ஆட்டு மந்தை இருந்தது என்பதையும் வரலாறு குறித்துவைக்க வேண்டும்.

அந்த ஒரு வரி வேலை உண்மையில் பல கட்டமானது. முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு பறிக்க வேண்டும். தண்டை மட்டும் வெட்டி மண்ணை மூடினால் வேர் மக்கிப் பொந்தாகித் தரை உள்வாங்கும். அடுத்து மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவிக்க வேண்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தாழ்ந்த வயல்களில் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்தச் சவுடு மண்ணோ கிராவலோ கொட்டி, ஓர் அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். அவசரத்தில் மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டிய தரையில் ஒரு மழைக்காலம் போனதும் ஷெட்டின் தளம் விரிசல் விடும். அஸ்திவாரக் குழி வெட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான். சவுடு பெரும்பாலும் ஏரிகளிலிருந்து வருகிறது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதியும், லாரிக்கு நடைச்சீட்டும் வேண்டும். அனுமதித்த ஆழத்தை மீறித் தோண்டப்படும் ஏரிகளில் விழும் குழிகள் ஆளை விழுங்குகின்றன. இந்த மீறல் நிற்காத வரை மனை உயர்வதும் ஏரி கெடுவதும் ஒரே வேலையின் இரு பக்கங்களாகவே இருக்கும்.

மண்ணுக்கு அடியில் இருப்பது வேறு கதை. பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அதற்கு முன் பல்லாவரத்தில் அவர் கண்ட கைக்கோடரி சரளை வெட்டிய குழியில் கிடைத்தது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் செய்த அகழாய்வு, அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையானவை என்று காட்டியது. கிராவல் குழிகளில் வாளி இறங்கும் வேகத்தில் இப்படிப்பட்ட கற்கள் லாரியேறிப் போவதைத் தடுக்க இன்னும் வழி இல்லை. தொழிற்பேட்டைக்குள் ஆபத்து வேறு மாதிரி. மின்கம்பி, கண்ணாடியிழைக் கேபிள், குழாய் எல்லாம் தரைக்கடியில் ஓடுகின்றன. தோண்டுவதற்கு முன் அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரிவிப்பதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியைக் கொண்டுவந்தது.

தொழிற்பேட்டைக்குள் சிறு வண்டி அவசியமானது இடநெருக்கடியால்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் ஷெட்டுக்கும் மதிலுக்கும் இடையே பள்ளம் வெட்ட 7 டன்னுக்கு மேல் எடையுள்ள பேக்ஹோ நுழையாது. ஜப்பானின் குறுகிய வீட்டு மனைகள் இதற்கு ஏற்கெனவே விடை கண்டிருந்தன. யான்மார் 1968இலும் தாகேயுச்சி 1971இலும் சிறிய வண்டிகளைக் கொண்டுவந்தன. 1993இல் யான்மார், சுழலும்போது பின்பக்கம் தடத்துக்கு வெளியே நீட்டாத வண்டியை வெளியிட்டது. சுவரோரம் வேலை செய்ய அதுவே திருப்புமுனை. ரப்பர்த் தடம் போட்ட 3 டன் வண்டி சிமென்ட் தரையைக் கீறாது, சிறிய லாரியில் ஏறி வந்துவிடும். இங்கே அது மினி ஹிட்டாச்சி, குட்டி ஜேசிபி என்ற பெயர்களில் பரவியது.

உற்பத்தியும் கும்மிடிப்பூண்டியை நாடி வந்தது. அசோக் லேலண்டும் ஜான் டீரும் கூட்டாக அங்கே ஆலை அமைத்து 2011இல் பேக்ஹோ லோடரை வெளியிட்டன. அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. பிறகு கும்மிடிப்பூண்டியில் பேக்ஹோ தயாரிப்பைக் கையில் எடுத்தது டூசான் பாப்கேட். ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் கோபெல்கோ ஹைட்ராலிக் வண்டிகளைச் செய்கிறது.

வண்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர். பலர் ஆபரேட்டராக இருந்து, கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். மாதத் தவணையை அவர்கள் டியூ என்கிறார்கள். மழையில் வண்டி நின்றாலும் டியூ நிற்காது. டீசலோடு சேர்த்தா, டீசல் இல்லாமலா என்பதுதான் வாடகைப் பேச்சில் முதலில் தீரும் விஷயம். குறைந்தது இத்தனை மணி நேரம், வண்டி வந்து போகும் செலவு, ஆபரேட்டருக்குப் பேட்டா, பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டினால் தனிக் கட்டணம் என்று மற்றவை பின்னால் வரும். பெரிய ஆலைகள் மாத வாடகைக்கு எடுக்கும். கையால் வெட்டியவர்களின் இடம் இதில் சுருங்கிவிட்டது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒப்பந்ததாரரையும், ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரத்தையும் தவிர்க்கச் சொன்னது. அதனால் நூறு நாள் வேலை நடந்த ஏரிகளில் மண்வெட்டியும் சட்டியும் மறுபடி தென்பட்டன. அங்கே கூலிக்காகக் குழியை டேப் பிடித்து அளந்தார்கள். 2020இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்க் கண்டிகை நீர்த்தேக்கமோ, 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு, இயந்திரங்களால் எழுந்தது.

வண்டி களத்தில் இறங்கியதும் முதல் காரியம் மீட்டர் பார்ப்பது. ஆபரேட்டர் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள மணி மீட்டரில் அப்போது இருக்கும் எண்ணை இரு தரப்பும் குறித்துக்கொள்வார்கள், பலர் செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வண்டி நின்றதும் மறுபடி ஒரு படம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வாடகை. எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும். லாரிக்காகக் காத்து நின்ற நேரமும் கணக்கில் ஏறுவதால், டிப்பர் வரிசை தவறாமல் வரும்படி பார்த்துக்கொள்வது வாடகைக்கு எடுத்தவரின் வேலையாகிறது. மீட்டரின் கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். பேக்ஹோவின் பின்வாளியில் ஏறக்குறைய கால் கன மீட்டர் மண் பிடிக்கும். ஈரம் சரியாக இருக்கும் மண்ணில், கை படிந்த ஆபரேட்டர் நிமிடத்துக்கு 2 வாளி அள்ளினால், அந்த இலக்கம் ஒன்று நகர்வதற்குள் 12 வாளி, ஒரு யூனிட் மண் மேலே வந்துவிடும்.